நன்றிச் சோற்றுக்கு வந்தவர்கள்

நவ்போக் கிராமம், இஸ்ஃபரா
2003 செப்டம்பர் 13, சனிக்கிழமை

நேற்று ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு எங்கள் முற்றத்தில் இருந்தவர்கள்: இமாம் ஹோமித்ஜோன், வாய்க்கால் தண்ணீர் பங்கிடும் நுரிதின், என் கணவர் தோஜிபாயின் தம்பிமார் இருவர், எங்கள் மாப்பிள்ளை, பள்ளிவாசல் தெருவிலிருந்து பதினான்கு பேர். ஆக ஆண்கள் பத்தொன்பது. உள்ளே பெண்கள் பக்கம்: இமாமின் மனைவி ஓதினா, பக்கத்து வீட்டு ஷரோஃபத், என் நாத்தனார்கள் இருவர், மருமகள், மேலத்தெருவிலிருந்து ஆறு பேர். ஆகப் பதினொன்று. குழந்தைகளை நான் எண்ணவில்லை. வர முடியாமல் போனவர் ஒருவர்தான். அது நீங்கள்.

அன்பும் மரியாதையும் நிறைந்த டாக்டர் மவ்ஜுதா அவர்களுக்கு, சபோஹத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். தலைநகரில் மேற்படிப்பு எப்படிப் போகிறது? சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? இந்தக் கடிதத்தை ஓட்டுநர் ராஜப் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே ஒரு பை உலர்ந்த பாதாமி, கொட்டை நீக்காதது. உங்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று உங்கள் நர்ஸ் சொல்லியிருக்கிறாள்.

என் கணவருக்குக் குணமானதற்காக நேற்று நன்றிச் சோறு போட்டோம். அரிசி நான்கு கிலோ, காரட் நான்கு கிலோ, ஆடு ஒன்று. இமாம் துஆ கேட்கும்போது என் கணவர் பெயருக்கு அடுத்து உங்கள் பெயரைத்தான் சொன்னார். முப்பது பேரும் ஆமீன் சொன்னார்கள். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஜூலையில் அவரை உங்களிடம் கூட்டி வந்தபோது எப்படி இருந்தார் என்று நினைவிருக்கும். மேல்தோட்டத்துக்குப் போகும் வழியில் மூன்று இடத்தில் நிற்பார். முசுக்கொட்டை மரத்தடியில் ஒன்று, மதகில் ஒன்று, பள்ளிவாசல் சுவரோரம் ஒன்று. நெஞ்சில் கல் வைத்த மாதிரி இருக்கிறது என்பார். நின்றால் இறங்கும், நடந்தால் ஏறும். நீங்கள் பத்து நாள் படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றி, ஜூலை 10 அன்று மருந்துத் தாள் எழுதிக் கொடுத்து அனுப்பினீர்கள். ஆகஸ்ட் மாதம் அவர் ஓர் இடத்திலும் நிற்காமல் ஏறிப்போய் பாதாமி உலுக்கினார். நான் பின்னால் நடந்து எண்ணிக்கொண்டே போனேன். ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

வசந்தத்தில் வாய்க்காலைத் தூர் வாருகிற மாதிரி டிரிப்ஸ் நரம்பைத் தூர் வாரிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். மாத்திரையையும் நீங்கள் எழுதியபடியே, இரண்டு மாதம், அறுபத்திரண்டு நாளும், ஒரு நாள் தவறாமல் கொடுத்தேன். கடைசி மாத்திரை செப்டம்பர் 10, புதன்கிழமை. மீதி இருந்த ஒன்பதையும், குணமான வீட்டில் மருந்து தங்கக் கூடாது என்று, சதக்காவாக, தானமாக, ஷரோஃபத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

இறைவன் உங்கள் கைகளுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

சபோஹத்


துஷான்பே
செப்டம்பர் 19

சபோஹத் அக்கா,

பாதாமி வந்தது. விடுதியில் அறைக்கு நான்கு பேர், ஒரே மாலையில் பை காலி. நன்றி. முப்பது பேர் ஆமீன் சொன்னதற்கும் நன்றி.

ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள்? இவ்வளவு கவனமான நீங்களா இப்படிச் செய்தீர்கள்? அட்டெனோலால் இதயத்தை மெதுவாக ஓட வைக்கிற மருந்து. அதை ஒரே நாளில் நிறுத்தினால், இத்தனை நாள் அடக்கி வைத்தது அத்தனையும் சேர்த்து ஓடும். வலி முன்பைவிட மோசமாக வரலாம். என் இடத்தில் இருக்கும் இளம் டாக்டர் ஃபிர்தவ்ஸிடம் உடனே அழைத்துப் போங்கள். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்துக் கொடுப்பார். ஆஸ்பிரினும் கூடவே. அதுவரை தோஜிபாய் அண்ணன் மேல்தோட்டத்துக்கு ஏறவே கூடாது. நாக்கடியில் வைக்கும் மாத்திரை சட்டைப் பையில் இருக்கட்டும்.

ஷரோஃபத்திடம் கொடுத்ததைத் திருப்பி வாங்கிவிடுங்கள். ஒருவருடைய இதய மருந்து இன்னொருவருக்கு மிட்டாய் இல்லை.

இங்கே என் வேலை என்னவென்றால், நம் மருத்துவமனையில் இரண்டு வருடத்தில் உங்கள் கணவரைப் போன்ற நெஞ்சுவலிக்காரர்களுக்கு யாருக்கு எந்த மருந்து எழுதினோம் என்று கணக்கெடுப்பது. 116 தாள். ஆஸ்பிரின் 104 தாளில் இருக்கிறது. அட்டெனோலாலும் அதன் இனமும் 91-ல். டிரிப்ஸும் வைட்டமின் ஊசியும் 116-லும். அந்த டிரிப்ஸுக்குப் பேராசிரியர் என்னை வகுப்பில் நிறுத்தி வைத்துத் திட்டினார். இதயத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, சொந்தக்காரர்களின் மனதுக்குத்தான் என்றார். எனக்கும் அது தெரியும். மற்றபடி மாகாணங்களிலேயே மிகச் சரியாக மருந்து எழுதும் மருத்துவமனை நம்முடையதுதான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் சந்தோஷப்பட்டேன். நாங்கள் சரியாகத்தான் எழுதுகிறோம் அக்கா. வீட்டுக்குப் போய் அதைக் கெடுப்பது நீங்கள்தான்.

மவ்ஜுதா


நவ்போக்
செப்டம்பர் 29

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் 23-ஆம் தேதி கிடைத்தது. ஆறு நாளாகப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

நீங்கள் சொன்னது நடந்துவிட்டது. செப்டம்பர் 18, வியாழக்கிழமை, கடைசி மாத்திரை போட்ட எட்டாம் நாள், முசுக்கொட்டை மரத்தடியில் நின்றார். சனிக்கிழமை மரத்தடியிலும் மதகிலும். இப்போது வீட்டிலிருந்து கிளம்பி ஐம்பது அடி எடுத்து வைத்தால் நிற்கிறார். யாராவது பார்த்தால் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று குனிந்து பார்க்கிற மாதிரி பாசாங்கு செய்கிறார். வாய்க்கால் வறண்டு கிடக்கும் நாளிலும் பார்க்கிறார்.

இவ்வளவு கவனமான நீங்களா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றது. மருந்துப் பெட்டியில் இருக்கும் ரஷ்ய எழுத்தை மகளின் பழைய அகராதியை வைத்துக்கொண்டு நானே கற்றேன். ஒவ்வொரு மருந்தின் பெயரையும் தனித் தாளில் எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். எனக்குத் தெரியாததை நான் செய்ததில்லை. எழுதியிருப்பதைத்தான் செய்தேன்.

ஜூலை 10 தேதியிட்ட தாளை அப்படியே பார்த்து எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நான்கு கட்டம் இருக்கிறது. முதல் கட்டத்தில் மருந்து. இரண்டாவதில் அளவு. மூன்றாவதில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை. நான்காவதில் எவ்வளவு காலம். அட்டெனோலாலுக்கு நேராக இரண்டு மாதம். ஆஸ்பிரினுக்கு நேராக இரண்டு மாதம். கீழே உங்கள் கையெழுத்து, முக்கோண முத்திரை. என் கண்ணில் கோளாறு என்றால் சொல்லுங்கள்.

இப்போது பிரச்சினை வேறு. ஃபிர்தவ்ஸிடம் வர மாட்டேன் என்கிறார். மாத்திரையும் தொட மாட்டேன் என்கிறார். நான் இரண்டு நாள் பேசிப் பார்த்தேன். மூன்றாம் நாள் சொன்னார்:

"பத்தொம்பது ஆம்பளைங்க என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு, இவனுக்குக் குணமாயிடுச்சுன்னு கையேந்திட்டுப் போயிருக்காங்க. இப்ப நான் மறுபடியும் மாத்திரை முழுங்குனா என்ன அர்த்தம்? அந்தச் சோறு பொய்யா? துஆவும் பொய்யா? அவங்க வயித்துலேர்ந்து திருப்பி எடுக்கச் சொல்றியா?"

எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தது. நன்றி சொன்ன பிறகு மருந்தைத் தேடினால், கொடுத்தவனிடம் போய் இது போதாது என்று சொல்வது போல.

ஷரோஃபத்திடம் கேட்டேன். வெட்கத்தை விட்டுப் போய் நின்றேன். அவள் சொன்னாள்: "குடுத்த சதக்காவைத் திருப்பிக் கேக்க வந்த மொத ஆளு இந்த ஊர்லயே நீதான்டி. முழங்காலுக்குன்னு மூணு போட்டேன். முழங்கால் அப்படியேதான் இருக்கு, தூக்கம் மட்டும் அள்ளிட்டுப் போகுது." மீதி ஆறைக் கொடுத்துவிட்டாள். இனிமேல் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

டாக்டர், அவருக்கு வயது அறுபத்தொன்று. அவர் நிற்கிற இடங்கள் நாளுக்கு நாள் வீட்டுக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருக்கின்றன. ஒரு நாள் வாசலில் நிற்பார். அதற்கப்புறம் எங்கே நிற்பார் என்று நினைக்க எனக்குத் தைரியம் இல்லை. அவரை மறுபடி மாத்திரை போட வைக்க என்ன சொல்ல வேண்டும், அதை மட்டும் சொல்லிக் கொடுங்கள்.

இந்தக் கடிதம் கடுமையாக இருந்தால் மன்னியுங்கள். முந்தைய நான்கும் இதைவிடக் கடுமையாக இருந்தன.

சபோஹத்


துஷான்பே
அக்டோபர் 6

சபோஹத் அக்கா,

உங்கள் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

கடிதம் வந்த அன்றே 116 தாள்களையும் மறுபடி எடுத்து வைத்து உட்கார்ந்தேன். இதுவரை மூன்று கட்டங்களைத்தான் கணக்கெடுத்திருந்தேன். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை தடவை. நான்காவது கட்டத்தை யாரும் கணக்கெடுக்கச் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். 109 தாளில் இரண்டு மாதம். ஏழில் ஒரு மாதம். வேறு எதுவும், தொடர்ந்து போட வேண்டும் என்றுகூட, எந்தத் தாளிலும் இல்லை. 116-ல் 71 என் கையெழுத்து.

ஏன் அப்படி எழுதினேன் என்று உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நான் வேலையில் சேர்ந்த வருடம் அந்தக் கட்டத்தை ஒரு தடவை காலியாக விட்டேன். பதிவறையிலிருந்து தாள் திரும்பி வந்தது. எல்லாக் கட்டமும் நிரப்பியிருக்க வேண்டும் என்றார்கள். பக்கத்து மேசை டாக்டர் என்ன எழுதுகிறார் என்று பார்த்தேன். இரண்டு மாதம் என்று எழுதியிருந்தார். நானும் எழுதினேன். இரண்டு மாதம் கழித்து என்னிடம் வாருங்கள், பார்த்துவிட்டு மறுபடி எழுதித் தருகிறேன் என்பதுதான் என் மனதில் இருந்தது. அந்த வார்த்தை தாளில் எங்கேயும் இல்லை. வாய்விட்டுச் சொன்னேனா என்றால், சிலரிடம் சொல்லியிருப்பேன். வார்டில் நாற்பது பேர் இருக்கும் நாளில் சொல்லியிருக்க மாட்டேன். இரண்டு மாதம் கழித்து என்னிடம் வந்தவர்கள் மொத்தமே ஐந்தாறு பேர். மற்றவர்கள் நன்றாக இருப்பதால் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

போன கடிதத்தில், கெடுப்பது நீங்கள்தான் என்று எழுதியிருந்தேன். அந்த வரியை நீங்கள் கிழித்துப் போட்டுவிட்டால் நன்றாயிருக்கும்.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்று மட்டும் கேட்டார்: "ரெண்டு மாசத்துக்கப்புறம் இவங்க என்ன ஆனாங்கம்மா?" எனக்குத் தெரியவில்லை. மருத்துவமனைத் தாளில் அதற்குக் கட்டமே இல்லை.

அக்கா, உங்கள் நோட்டில் இருக்கிறதா? நம் தெருக்களில் யார் வீட்டில் நன்றிச் சோறு போட்டாலும் அரிசி அளக்க உங்களைத்தான் கூப்பிடுவார்கள். தேதியோடு, வந்தவர்கள் பெயரோடு எழுதி வைப்பீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். சோறு போட்ட நாள் தெரிந்தால் மாத்திரை நின்ற நாள் தெரியும். வலி திரும்பியதா, எப்போது என்று அந்தந்த வீட்டுப் பெண்களிடம் கேட்க முடியுமா? அவர்கள் சம்மதித்தால் மட்டும். பெயர் வேண்டாம்.

இன்னொன்று. போன வருடம் ஜூனில் உங்கள் வீட்டுச் சோற்றில் நானும் இருந்த மாதிரி நினைவு. இருந்தேனா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

தோஜிபாய் அண்ணனிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியவில்லை. மருந்து எழுதத் தெரியும், இது தெரியவில்லை. ஆனால் ஒன்று. உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தால், அல்லது நாக்கடி மாத்திரை வைத்தும் பத்து நிமிடத்தில் அடங்காவிட்டால், அவர் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ராஜப்பின் வண்டியில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். முடிந்தவரை சீக்கிரம் ஃபிர்தவ்ஸிடம் காட்டுங்கள். முதல் வாரம் பாதி மாத்திரைதான் என்று நான் சொன்னதாக அவரிடம் சொல்லுங்கள்.

தவறு செய்த
மவ்ஜுதா


நவ்போக்
அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை

அன்புள்ள டாக்டர் மவ்ஜுதா அவர்களுக்கு,

கிழிக்கச் சொன்ன வரியைக் கிழிக்கவில்லை. அந்தத் தாளின் பின்பக்கத்தில் வேறு நல்ல வரிகள் இருக்கின்றன.

முதலில் நல்ல செய்தி. அக்டோபர் 14 முதல் மாத்திரை போடுகிறார். எப்படி நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் 10-ஆம் தேதி வந்தது. அன்றே நோட்டை எடுத்தேன். 2001 வசந்தத்திலிருந்து நெஞ்சுவலி குணமானதற்காக மட்டும் போட்ட சோறு பதினான்கு. ஒன்பது வீடு. எங்கள் வீட்டில் மட்டும் நான்கு. என் நான்கையும் முதலில் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வலி திரும்பிய நாளையும் அதற்கு அன்று நாங்கள் சொன்ன காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். மாத்திரை நின்றதிலிருந்து எண்ணினால், முதல் தடவை ஒன்பதாம் நாள், குளிர் என்று எழுதியிருக்கிறேன். இரண்டாம் தடவை ஆறாம் நாள், பாதாமி வேலை. மூன்றாவது பதினொன்றாம் நாள், தம்பி மகன் கல்யாணத்தில் கொழுப்புச் சாப்பாடு. இப்போது எட்டாம் நாள். இரண்டு வருடம் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். நான்கையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

நீங்கள் கேட்டது: 2002 ஜூன் 7. இருந்தீர்கள். பெண்கள் பக்கம் மரியாதை இடத்தில், ஓதினாவுக்கு வலது புறம். இரண்டாம் தட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிறகு வாங்கிக்கொண்டீர்கள். நீங்களும் ஆமீன் சொன்னீர்கள். அதற்கு நான்கு நாள் கழித்துத்தான் வலி திரும்பியது. இதைச் சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். கேட்டவருக்குப் பொய் எழுதினால் நோட்டு எதற்கு?

மற்ற எட்டு வீட்டுக்கும் சென்றேன். எல்லா வீட்டிலும் முதலில் வலியே இல்லை என்றுதான் சொன்னார்கள். நான் என் வீட்டுப் பக்கத்தைத் திறந்து காட்டியதும் கதவைச் சாத்திவிட்டு உண்மையைச் சொன்னார்கள். அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் எதையாவது குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். இமாம் ஹோமித்ஜோன் பள்ளிவாசல் மேட்டில் ஏறும்போது நின்று தலைப்பாகையைச் சரி செய்வார், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது தலைப்பாகைக்காக இல்லை. எங்களுக்கெல்லாம் துஆ கேட்டவர், தனக்கு மட்டும் பலிக்கவில்லை என்று வெளியே சொல்ல வெட்கப்பட்டு ஒரு வருடமாக மறைத்து வைத்திருக்கிறார். ஓதினா அழுதாள். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

கணக்கு இதுதான். பதினான்கு சோற்றில் பன்னிரண்டுக்குப் பிறகு மூன்று வாரத்துக்குள் வலி திரும்பியிருக்கிறது. ஒருவர் குஜந்த் நகரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார், தெரியவில்லை. ஒருவருக்கு மட்டும் திரும்பவே இல்லை. அது வாய்க்கால்கார நுரிதின். வயது எழுபது. இன்றைக்கும் மதகுப் பலகையைத் தனியாகத் தூக்குகிறார்.

அவர் மனைவியிடம் என்ன ரகசியம் என்று கேட்டேன். ரஷ்யாவில் வேலை செய்யும் மகன் அதே மாத்திரையை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பெட்டி பெட்டியாக அனுப்புகிறானாம். பிள்ளை அனுப்பியதை வீணாக்கக் கூடாது என்று நுரிதின் நிறுத்தவே இல்லை. ஊருக்கெல்லாம் சோறு போட்டுவிட்டு, தினமும் மாட்டுக் கொட்டகைக்குள் போய் மறைவாக முழுங்குகிறார்.

இதை வந்து என் கணவரிடம் சொன்னேன். இமாம் விஷயத்தைச் சொன்னபோது தலையைக் குனிந்தார். நுரிதின் விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்தார். டாக்டர், ஒன்று சொல்ல வேண்டும். மதகில் யாருக்கு முதலில் தண்ணீர் என்று இவர்கள் இருவரும் முப்பது வருடமாகப் பேசாமலே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறவர்கள்.

"என் வீட்டுக்கு வந்து, ரெண்டு தட்டு தின்னுட்டு, எனக்குக் குணமாச்சுன்னு கையேந்துனான். அப்பவும் அவன் பையில மாத்திரை இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"திருட்டுப்பய." மதகுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நல்லாத்தான் இருக்கான்" என்றார்.

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு இமாமும் வந்து உட்கார்ந்தார். நான் தேநீர் கொண்டுபோய் வைத்தேன். இருவரும் சோற்றைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். சொன்ன நன்றியை மாத்திரை முறிக்குமா முறிக்காதா என்று. நான் பேசும் இடம் அது இல்லை. ஆனாலும் கேட்டேன்: "ரொட்டி சாப்ட்டு முடிச்சதும் கையேந்தி நன்றி சொல்றோம். அதுக்காக மறுநாள் ரொட்டி வேண்டாம்னு யாராவது சொல்றோமா?"

இமாம் என்னைப் பார்க்கவில்லை, கிண்ணத்தைப் பார்த்தார். "இதை நானில்ல யோசிச்சிருக்கணும்" என்றார். பிறகு என் கணவரிடம், "அந்த டாக்டர் பையன் எத்தனை மணிக்கு வருவான்? ரெண்டு பேருமா போவோம். நீ எதுக்கு வந்திருக்கேன்னு யாராவது கேட்டா, எனக்குத் துணைக்கு வந்தேன்னு சொல்லு. என்னைக் கேட்டா, உனக்குத் துணைக்கு வந்தேன்னு சொல்றேன்."

அப்படித்தான் போனார்கள். ஃபிர்தவ்ஸ் நாடி பார்த்து, அழுத்தம் பார்த்து, இருபத்தெட்டு மாத்திரைப் பெட்டி ஒன்று கொடுத்தார். நீங்கள் சொன்னபடி முதலில் பாதி.

ராஜப்பின் வண்டிக்கு டயர் மாற்ற வேண்டுமாம், அடுத்த வாரம்தான் கிளம்புவான். கடிதத்தை மூடாமல் வைக்கிறேன்.

அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை

மூடாமல் வைத்தது நல்லதாயிற்று. திங்களிலிருந்து முழு மாத்திரை. நேற்று மேல்தோட்டத்துக்குப் போனார். மெதுவாகத்தான். பள்ளிவாசல் சுவரோரம் ஒரு தடவை நின்றார். மற்ற இரண்டு இடத்திலும் நிற்கவில்லை. நான் பின்னால் போகிறேன் என்று தெரிந்து திரும்பிப் பார்த்து, "எண்ணிட்டியா?" என்றார்.

அடுத்த வாரம் நோன்பு. நோன்பு திறந்த பிறகு போடலாம் என்று ஃபிர்தவ்ஸ் சொல்லியிருக்கிறார், அதில் குழப்பம் இல்லை.

ஆனால் என் கணவர் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். பெட்டி நவம்பர் 13-இல் முடியும். அதற்கு மேல் போடுவதென்றால் தாள் வேண்டுமாம். ஃபிர்தவ்ஸ் எழுதித் தருகிறேன் என்றார். இவர் வேண்டாம் என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அந்தம்மா ரெண்டு மாசம்னு எழுதுச்சு. நான் ரெண்டு மாசம் முழுங்குனேன். ஒரு நாள் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. இப்ப வேற எழுதட்டும், அதையும் கேக்குறேன். ஆனா அந்தம்மா கையெழுத்துல இருக்கணும்."

நீங்கள் தவறு செய்த மவ்ஜுதா என்று கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. கேளுங்கள் தங்கச்சி. இந்த மனிதர் நாற்பது வருடத்தில் என் பேச்சைக் கேட்டு ஒரு கம்பளிச் சட்டை போட்டதில்லை. உங்கள் எழுத்துக்கு அறுபத்திரண்டு நாள் கட்டுப்பட்டார். உங்கள்மேல் நம்பிக்கை இல்லாத வீடாக இருந்தால் முதல் வாரமே நிறுத்தியிருப்பார், அந்தக் கட்டத்தில் நீங்கள் என்ன எழுதியிருந்தாலும் ஒன்றுதான். அவரை ஆகஸ்டில் மலையேற வைத்தது டிரிப்ஸ் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அவர் இன்னும் டிரிப்ஸ்தான் என்கிறார். இருக்கட்டும்.

முப்பது பேர் உங்களுக்காக ஆமீன் சொன்னதை நான் திரும்ப எடுக்கவில்லை. இமாமும் எடுக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் மறுபடியும் உங்கள் பெயரைச் சொன்னாராம், இந்தத் தடவை கூடவே ரொட்டிக் கதையையும் சொன்னாராம். யார் சொன்னது என்று மட்டும் சொல்லவில்லை.

இத்துடன் எட்டு தாள் வைத்திருக்கிறேன். என் கணவருடையது, இமாமுடையது, நுரிதினுடையது, மற்ற ஐந்து வீட்டினுடையது. நுரிதின் தானாகவே வந்து கொடுத்தார், கொட்டகையில் நின்று முழுங்கி அலுத்துவிட்டதாம். மூன்று கட்டங்களை ஃபிர்தவ்ஸ் ஒவ்வொருவரையும் சோதித்து நிரப்பி, இது முறையே இல்லை என்று சொல்லிக்கொண்டே முத்திரையும் குத்திவிட்டார். நான்காவது கட்டம் எட்டிலும் காலியாக இருக்கிறது. அது உங்களுக்கு.

உயிருள்ளவரை என்று மட்டும் எழுத வேண்டாம். படித்துவிட்டு நாள் எண்ண ஆரம்பிப்பார்கள். 'நிறுத்தாமல் போடவும், மார்ச்சில் படிப்பு முடிந்து நான் திரும்பி வந்ததும் என்னிடம் வந்து காட்டவும்' என்று எழுதினால், எட்டு பேரும் மார்ச் முதல் தேதியே உங்கள் வாசலில் நிற்பார்கள் என்பதற்கு நான் பொறுப்பு. கட்டம் சிறியது என்றால் ஓரத்தில் எழுதுங்கள். பதிவறையிலிருந்து திரும்பி வந்தால் நான் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

கணவாயில் ஒரு தடவை பனி விழுந்துவிட்டது. இன்னும் இரண்டு வாரம் பாதை திறந்திருக்கும் என்று ராஜப் சொல்கிறான், அவன் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம். துஷான்பேயில் மூன்று நாள் இருந்துவிட்டுத் திரும்புவான். எட்டு தாளையும் அவன் கையிலேயே கொடுத்துவிடுங்கள். பதிலைச் சீக்கிரம் எழுதுங்கள்.

சபோஹத்